பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்து போன சனங்கள்

(தோட்டக் கோயில் கமிட்டியினர், மாதர் சங்கத்தினர், இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் எமது நலன்புரி நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ராச்சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் ஒரு கதை சொல்லுகிறோம். இது கற்பனைக் கதை இல்லை, நடந்த சங்கதி. வெள்ளைக்காரன் ஊரில், ஒரு சின்னப் பட்டணத்துச் சபை மக்களுக்கு நடந்தது.

"நாங்க மாரியம்மன் கோயில் சனங்க. எங்களுக்கு எதுக்குங்க வேதக்காரர் கதை?" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கடைசியில் நீங்களே சொல்லுவீர்கள்.

நம் தோட்டத்துப் பெயர்கள் வந்த ஊர்

டிக்கோயாப் பக்கம் போர்டைஸ் என்று ஒரு தோட்டம். ஹட்டன் பக்கம் ஸ்ட்ரத்டன். அக்கரப்பத்தனையில் பெல்மோரல். இவையெல்லாம் ஸ்கொட்லாந்து தேசத்தில் இருக்கிற ஊர்களின் பெயர்கள். அங்கிருந்து வந்த துரைமார் தங்கள் சீமைப் பெயர்களை நம் மலைகளுக்கு வைத்தார்கள். 1867-ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் துரையும் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் பிறந்தவர்தான். 1892-இல் இங்கேயே இறந்து, கண்டியில் அடக்கமானார். அவர்கள் தங்கள் வழிபாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். கொழும்பிலும் கண்டியிலும் 1840-களிலேயே ஸ்கொட்ஸ் கேர்க் என்ற கோயில்கள் எழும்பின.

அவர்களுடைய சபைக்குப் பிரெஸ்பிட்டேரியன் சபை என்று பெயர். மூப்பர் சபை என்று தமிழில் சொல்லலாம். அங்கே பிஷப் என்று ஒரு தனி அதிகாரி கிடையாது. ஊர்ச் சபையில் மூப்பர்கள் இருப்பார்கள். பல ஊர்ச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடி ஒரு மன்றம் நடத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வருடத்துக்கு ஒருமுறை எடின்பரோ நகரில் பொதுச்சபை கூடும். பேசி, வாக்கெடுத்து, எழுதி வைத்து நடத்துகிற சபை அது.

யார் ஐயரைப் போடுவது?

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய குறை இருந்தது. ஊர்க் கோயிலுக்குப் போதகர் வேண்டுமென்றால் அவரை முன்மொழிகிற உரிமை ஊர்ச் சனத்துக்கு இல்லை. அந்தப் பக்கத்து நிலப்பிரபுவுக்கோ அரசாங்கத்துக்கோதான் அந்த உரிமை. 1712-இல் இலண்டன் பாராளுமன்றம் போட்ட சட்டம் அது. நம் கோயிலுக்குப் பூசாரியை நம்மைக் கேட்காமல் வெளியில் இருந்து ஒருவர் அனுப்பி, "இவர்தான் இனிமேல் உங்களுக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நூறு வருடத்துக்கு மேலாகச் சனங்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் 1834-இல் பொதுச்சபை ஒரு விதி செய்தது. குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றால், அந்தப் போதகரை அந்த ஊரில் அமர்த்தக் கூடாது என்பதே அந்த விதி.

அதே வருடம் ஓக்டெராடர் என்ற சின்னப் பட்டணத்தில் இது சோதனைக்கு வந்தது. அங்கே வரப் போகிறவருக்கு ஆதரவாகக் கையெழுத்து வைத்த ஊர்க்காரர் இரண்டே பேர். 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். மன்றம் அவரை மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார். 1838-இல் எடின்பரோ நீதிமன்றமும், 1839-இல் இலண்டன் பிரபுக்கள் சபையும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லின. சனத்தின் விருப்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டது.

மார்னொக் ஊர்ச் சபை

இப்போது நம் கதைக்கு வருவோம். பான்ஃப்ஷயர் என்ற மாவட்டத்தில் அபர்ஹிர்டர் என்று ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் விவசாயக் குடிகள். அவர்கள் கும்பிடுகிற கோயில் மார்னொக் கோயில்.

1837-இல் அங்கே போதகர் இடம் காலியானது. உரிமைக்காரர் தரப்பு எட்வர்ட்ஸ் என்பவரை முன்மொழிந்தது. அவர் ஊருக்குப் புதியவர் இல்லை. பழைய போதகருக்கு உதவியாளராக அங்கேயே இருந்தவர். பழகிப் பார்த்துத்தான் சனங்கள் வேண்டாம் என்றார்கள். 300 குடும்பத் தலைவர்களில் 261 பேர் மறுப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஆதரவாகக் கையெழுத்து வைத்த ஊர்க்காரர் ஒரே ஒருவர். அவர் யார் தெரியுமா? ஊரில் சாராயக்கடையோடு சத்திரம் நடத்தியவர்!

சபை எட்வர்ட்ஸை மறுத்தது. வேறொருவர் பெயர் வந்தது. எட்வர்ட்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவரை ஏற்க வேண்டும் என்றது. பொதுச்சபை ஏற்கக் கூடாது என்றது. ஸ்ட்ரத்போகி வட்டார மன்றத்தில் இருந்த போதகர்களில் ஏழு பேர், சட்டத்துக்குக் கட்டுப்படுவதே முறை என்று முடிவெடுத்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம் என்று நின்றபோது அவர்கள் சனத்தின் பக்கம் நிற்கவில்லை.

1841-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் திகதி எட்வர்ட்ஸை அமர்த்த நாள் குறித்தார்கள். ஊர் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. அந்தப் பனியில் நடந்து கிட்டத்தட்ட 2,000 பேர் வந்து கூடினார்கள். ஊர்ச் சபையார் கோயிலுக்குள் தங்கள் இடத்தில் அமைதியாக உட்கார்ந்தார்கள். எந்த அதிகாரத்தில் இதைச் செய்ய வந்தீர்கள் என்று மூப்பர் ஒருவர் எழுந்து கேட்டார். சரியான பதில் வரவில்லை. சபையாருடைய எதிர்ப்பை எழுத்தில் வாசித்தார்கள். அதன்பிறகு தங்கள் ஆசனத்தில் வைத்திருந்த பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வயதானவர்கள் அழுதார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். அப்பன் பாட்டன் கும்பிட்ட கோயில். திரும்ப வரப் போவதில்லை என்று தெரிந்துதான் போனார்கள்.

அவர்கள் கை ஓங்கவில்லை. கல் எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் வெளியூர்க் கூட்டம் உள்ளே புகுந்து கூச்சல் போட்டு, பனிக்கட்டியை எறிந்து கலகம் பண்ணியது. மாஜிஸ்திரேட் வந்து அடக்கினார். எட்வர்ட்ஸுக்குக் கோயில் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, வீடும் கிடைத்தது. சபை மட்டும் கிடைக்கவில்லை.

சனங்கள் அபர்ஹிர்டர் பட்டணத்திலேயே வேறு கோயில் கட்டினார்கள். செய்தி பரவி, நாட்டின் பல பக்கங்களில் இருந்தும் பணம் வந்தது. தாங்கள் விரும்பிய போதகரை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பெனி பணம்

மார்னொக்கில் எரிந்தது நாடு முழுக்கப் பரவியது. 1843-ஆம் ஆண்டு மே 18-ஆம் திகதி, எடின்பரோவில் பொதுச்சபையில் இருந்து போதகர்கள் எழுந்து நடந்தார்கள். சுமார் 1,200 போதகர்களில் 470-க்கு மேற்பட்டோர் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு வெளியேறி, சுயாதீன சபையை உண்டாக்கினார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சால்மர்ஸ் என்ற தலைவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஏழைக் குடும்பமும் வாரம் ஒரு பெனி கொடுக்கட்டும், எல்லாம் ஒரே பொது நிதியில் சேரட்டும், அதில் இருந்து பணக்கார ஊர்ப் போதகருக்கும் ஏழை ஊர்ப் போதகருக்கும் சமமாகப் பங்கு போகட்டும் என்றார். நான்கே வருடத்தில் ஏறத்தாழ 700 கோயில்கள் எழும்பின.

ஆனால் கோயில் கட்ட நிலம் வேண்டுமே! நிலம் முழுக்கப் பிரபுக்கள் கையில். சிலர் ஓரடி நிலமும் தரமாட்டோம் என்றார்கள். வான்லொக்ஹெட் என்ற ஊரில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் மலைச்சரிவில், மழையிலும் பனியிலும் நின்று கும்பிட்டார்கள். ஸ்ட்ரொன்ஷன் ஊர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். நிலம்தானே உன்னுடையது, தண்ணீர் இல்லையே என்று 1846-இல் ஒரு மிதக்கும் கோயிலைச் செய்வித்துக் கரையோரம் நங்கூரம் போட்டார்கள். உள்ளே நூறு பேர் ஏறினால் கோயில் ஓர் அங்குலம் தாழும் என்பார்கள். அதை வைத்தே கூட்டத்தை மதிப்பிட்டார்களாம்.

குடியிருக்கிற மண் தன்னுடையது இல்லை என்றால் என்ன பாடு என்பதை லயத்துக் காம்பிராவில் பிறந்த நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

1874-இல் அந்த 1712-ஆம் வருடத்துச் சட்டம் நீக்கப்பட்டது. மார்னொக் சனங்கள் எழுந்து போய் 33 வருடம் ஆகியிருந்தது. பிரிந்தவர்களில் பெரும்பாலோர் 1929-இல் பழைய சபையோடு மறுபடி ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

சொல்லாமல் விடக் கூடாத இரண்டு

இந்தக் கதையைப் புகழ்ந்து மட்டும் பேசினால் உங்களை ஏமாற்றியதாகும்.

ஒன்று, அந்த 261 பேரும் ஆண்கள். குடும்பத் தலைவர் என்றால் ஆண்தான் என்று விதி சொன்னது. பனியில் நடந்து வந்த பெண்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. நம் மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் கமிட்டிகளில் எத்தனை பெண்கள்? இங்கே உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாரே, ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இரண்டு, தங்கள் ஊரில் "எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் ஒருவரைப் போடாதே" என்று போராடிய அதே தேசத்தில் இருந்துதான் பல துரைமார் வந்தார்கள். இங்கே வந்த பிறகு நம் பாட்டன் பூட்டனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கங்காணி வைத்ததே சட்டம். துண்டுச் சீட்டில் கடனை எழுதி, ஆளையே ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அது 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவராக்கியபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை. விடுபட்டவர்களுக்கெல்லாம் வழி திறந்த சட்டம் வர 2003 ஆனது. தனக்குக் கேட்ட நியாயத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பது எல்லா இனத்துக்கும் கஷ்டம்தான் போலும். நம் இனத்தையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

நமக்கு என்ன?

மார்னொக் சனங்களிடம் காசு இல்லை, நிலம் இல்லை, சட்டமும் கைகொடுக்கவில்லை. இருந்தது 261 பெயர் எழுதிய ஒரு தாள். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுதி வைத்ததால்தான் இத்தனை வருடம் கழித்து, இந்த மலையில் உட்கார்ந்து நாம் அதைப் பேசுகிறோம்.

அதனால் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. கோயில் கமிட்டியோ, மாதர் சங்கமோ, வீடமைப்புச் சங்கமோ, தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டியோ, எதுவானாலும் கூட்டம் நடந்தால் கொப்பியில் எழுதுங்கள். யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் சரி என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று எழுதுங்கள். திருவிழா வரி ஐம்பது ரூபாய் என்றாலும் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். தலைவரைப் போடும்போது லயத்துக்கு லயம் போய்க் கேளுங்கள். வீட்டுக்கு ஓர் ஆணைக் கேட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒப்பாத காரியம் நடந்தால் அடிதடி வேண்டாம். எழுந்து நின்று காரணத்தைச் சொல்லி, அதையும் எழுத்தில் கொடுங்கள்.

நாங்கள் நிதியத்துக்காரர்கள். இன்றைக்கு வருவோம், நாளைக்கு வேறு தோட்டம் போவோம். எங்களையும் விடாதீர்கள். எங்கள் கணக்கையும் கேளுங்கள். உங்களைக் கேட்காமல் நாங்கள் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தால், "எங்களைக் கேட்டீங்களா?" என்று எழுந்து நின்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்தக் காலத்துப் பிரபுக்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கேட்பதற்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.