மருந்தே நஞ்சானால்?

(சங்கராபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கராபுரத்திற்கு மேற்கே உயர்ந்து நிற்கின்றது கல்வராயன் மலை. கடுக்காய் விளையும் மலை அது. பிறர் பிணி தீர்க்கும் பொருளைத் திரட்டித் தரும் அம் மலைமக்கள், தம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், அன்றைக் கூலியை இழந்து, பேருந்தேறிக் கீழிறங்கி வந்து, ஒரு குப்பி மருந்தை வாங்கிச் செல்கின்றனர். அக் குப்பியில் இருப்பது மருந்துதானா என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? கண்டும் அறிய முடியாது. சுவைத்தும் அறிய முடியாது. முழுக்க முழுக்க நம்பி வாங்கும் பொருள் மருந்து. அந் நம்பிக்கை காக்கப்பெறுகின்றதா என்பதே வினா.

2025ஆம் ஆண்டு செபுதம்பர், அக்தோபர்த் திங்கள்களில், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து அகவைக்கு உட்பட்டோர். அவர்கள் பருகிய 'கோல்ட்ரிப்' என்னும் இருமல் பாகு, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்து ஆலையொன்றில் செய்யப்பெற்றது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதனை ஆய்ந்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. இசைவளிக்கப்பெற்ற எல்லையோ 0.1 விழுக்காடு! அவ் அக்தோபரிலேயே ஆலையின் உரிமம் நீக்கப்பெற்றது. ஆய்வு முடிவு வெளிவர ஆன காலம் ஓரிரு நாள்களே. அவ் ஆய்வு, பாகு ஆலையை விட்டு வெளியேறுமுன் நிகழ்ந்திருப்பின், அக் குழந்தைகள் பிழைத்திருப்பர். நஞ்சு புறப்பட்ட இடம் தமிழ்மண் என்பது, தமிழர் தலைகுனிய வேண்டிய செய்தியன்றோ?

இந் நஞ்சு புதியதன்று. வண்டிகளின் தடை நீர்மம் முதலியவற்றிற்குப் பயன்படும் தொழிற்பொருள் அது. பாகு செய்யப் பயன்படும் நல்ல கரைப்பான்களைப் போன்றே தெளிவும் இனிப்பும் உடையது, விலை மலிந்தது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் மாண்டனர். மறு ஆண்டே அந்நாடு கடுஞ்சட்டம் இயற்றியது. 1972இல் சென்னையிலும் குழந்தைகள் இதே நஞ்சால் இறந்தனர். 1986இல் மும்பை மருத்துவமனையொன்றில் 14 பேர் இறந்தனர். 2022இல் ஆப்பிரிக்கக் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளின் இறப்புக்கு, அரியானாவில் செய்த பாகுகள் கரணியமாகக் கூறப்பெற்றன. ஓராண்டில் கற்க வேண்டிய பாடத்தை எண்பது ஆண்டுகள் கழிந்தும் கற்காமை, அறியாமையன்று; பொறுப்பின்மை.

கள்ளக்குறிச்சி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. 2024 சூன் திங்களில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதுவும் தொழிற்சாலைக் கரைப்பானே. அங்குக் குடித்தவர்மேல் பழி சுமத்துவார் உண்டு. பால்மணம் மாறாக் குழந்தைமேல் எப் பழியைச் சுமத்துவர்?

உடனே கொல்லும் நஞ்சினும், ஓசையின்றிக் கெடுக்கும் போலி மருந்தே மிகுதி. வளரும் நாடுகளில் பத்து மருந்துகளில் ஒன்று தரங்குன்றியது அல்லது போலியானது என உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் கணித்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 கோடி தாலர் இதில் வீணாகின்றதாம். ஆற்றல் குறைந்த மாத்திரை நோயைத் தீர்ப்பதில்லை. நோயாளி மறுபடியும் மருந்து வாங்குகின்றார், மறுபடியும் கூலி இழக்கின்றார், கடன்படுகின்றார். அரைகுறையாய்த் தாக்குண்ட நோய்க்கிருமிகளோ அம் மருந்தையே எதிர்க்கும் வலிமை பெறுகின்றன. பின்னர் நல்ல மருந்தும் பயனற்றுப் போகின்றது. ஏழையின் மடியையும் உடலையும் ஒருங்கே கொள்ளையிடும் வணிகம் இது.

தடுக்க வழியில்லையா? உண்டு, தமிழ்நாட்டிலேயே உண்டு. 1994இல் தோற்றுவிக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து ஆய்வகங்களுக்கு விடுக்கின்றது. தேறிய மருந்தே மருத்துவமனைக்குச் செல்லும். இக் காவல் கடைமருந்துக்கும் வேண்டும். மூலப்பொருளையும் முடிந்த மருந்தையும் ஆய்ந்தன்றி எந்தத் தொகுதியும் ஆலைவாயிலைக் கடத்தல் கூடாது.

மற்றொன்றும் வேண்டும். குப்பியின்மேல் மருந்தின் பெயரும், தொகுதி எண்ணும், எந்நாள் வரை பயன்படும் என்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. வெள்ளிமலைத் தாய்க்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. தமிழகத்தில் விற்கும் மருந்து தமிழிற் பேசட்டும்! இது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு.

மக்களும் விழிப்புறுதல் வேண்டும். மருந்துக்கு விலைச்சீட்டைக் கேட்டுப் பெறுக. நோய் தீரும்வரை குப்பியை எறியாது வைத்திருக்க. மருத்துவர் சொல்லாமல் சிறு குழந்தைக்கு இருமல் பாகு கொடுக்கற்க. கொடுத்தபின் சிறுநீர் குறையின், உடனே மருத்துவமனைக்கு விரைக; குப்பியையும் எடுத்துச் செல்க. இவற்றால் மருந்தையே வெறுத்தல் வேண்டா. நல்ல மருந்து வேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை. அவ் உரிமைக் குரல் சங்கராபுரத்திலும் ஒலிக்கட்டும். கல்வராயன் மலைமேலும் ஒலிக்கட்டும்!