பொறிப் பாவைகள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயச் சொற்பொழிவுகளே பெரிதும் நிகழும் இம்மேடையில் இன்று நாம் பாவைகளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேசுதற்கு இத்துணைப் பெரிய சபை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேச எடுத்துக்கொண்டவை குழந்தைகள் கையிற் கிடக்கும் பொம்மைகள் அல்ல. எவரும் தொடாமல் தாமே எழுதும் பாவைகள், குழல் ஊதும் பாவைகள், சதுரங்கம் ஆடிய பாவைகள். அவற்றைச் செய்தவருள் சிலர் உலகுக்கு உண்மையைக் காட்டினர். சிலர் உலகை ஏமாற்றினர். ஒரே மனிதர் இரண்டையும் செய்ததும் உண்டு. உண்மைப் பொறியையும் பொய்ப் பொறியையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இன்றைய விடயம். மனிதரைப்போல் எழுதவும் பேசவும் வல்ல கணினிகள் நம் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்ட இக்காலத்தில், இது பொழுதுபோக்குக் கதையன்று.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில், கி.பி. முதலாம் நூற்றாண்டில், எரோன் என்னும் கிரேக்க அறிஞர் வாழ்ந்தார். பலிபீடத்தில் தீ மூட்டியதும் கோயிற் கதவு தானே திறக்கும் ஒரு பொறியை அவர் தம் நூலில் விவரிக்கின்றார். தீயின் வெப்பத்தால் பீடத்தினுள் இருக்கும் காற்று விரிகின்றது. விரிந்த காற்று கீழேயுள்ள பாத்திரத்து நீரைத் தள்ளுகின்றது. அந்நீர் ஒரு வாளியில் நிறைகின்றது. பாரமேறிய வாளி இறங்கும்போது, அதிற் கட்டிய கயிறு கதவின் அச்சுக்களைச் சுழற்றுகின்றது. நாணயம் இட்டால் அளவாகத் தீர்த்தம் சொரியும் பாத்திரமும் அவர் நூலில் உண்டு. கதவு திறப்பதை வெளியே நின்று காண்பவன் தெய்வச் செயல் என்று கைகூப்புவான். எரோனின் நூலைப் படித்தவனோ காற்றையும் நீரையும் கயிற்றையும் காண்பான். மறைத்து வைத்தால் அற்புதம், எழுதி வைத்தால் விஞ்ஞானம். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

நம்மவரிடம் இத்தகைய பொறிகள் இருக்கவில்லையா என்று இளைஞர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச்சென்ற மயிற்பொறியை நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம். ஆயினும் அது காப்பியம். புலவர் மனத்திற் பறந்த மயிலை வானத்திற் பறந்த விமானமென்று சாதிப்பது புலவருக்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. அதனினும் சிந்திக்கத்தக்கது இன்னொரு நூல். 11ஆம் நூற்றாண்டில் அரசாண்ட போச மன்னன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்னும் வடமொழிச் சிற்பநூலில் இயந்திரங்களுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. ஆடும் பாவைகளும், வாயில் காக்கும் பாவைகளும், மரத்தாற் செய்த பறவையும் அதிற் கூறப்படுகின்றன. ஆனால் அவற்றை அமைக்கும் முறை முழுமையாகக் கூறப்படவில்லை. கூறாது விட்டது அறியாமையால் அன்று, இரகசியம் பேணுதற்காகவே என்று அந்நூலே சொல்லுகின்றது.

அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளின் பின், இன்று துருக்கி நாட்டைச் சேர்ந்த தியார்பக்கிர் நகரில், அல் ஜசாரி என்னும் முஸ்லிம் பொறியியலாளர் அரண்மனைப் பணியில் இருந்தார். அவர் 1206ஆம் ஆண்டில் தம் நூலை முடித்தார. யானை வடிவான நீர்மணிக்கூடு ஒன்று அதில் உண்டு. யானையின் வயிற்றிலுள்ள தொட்டியில் துளையிட்ட வட்டில் ஒன்று மிதந்து, மெல்ல நிரம்பி, அரைமணிக்கு ஒருமுறை அமிழும். அமிழும்போது பறவையும் பாகனும் இயங்குவர். நாழிகை அளப்பதற்கு இந்தியாவிலும் இத்தகைய துளை வட்டில் வழங்கியது. நூலாசிரியர் உறுப்புக்களின் அளவையும், பொருத்தும் முறையையும் படம் வரைந்து எழுதினார். அதன் பயன் யாது? ஏழு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1976ஆம் ஆண்டில், அவர் நூலைத் துணைக்கொண்டு அவருடைய நீர்மணிக்கூடு ஒன்றை இலண்டனில் மீண்டும் செய்து இயக்கினர். இரகசியம் பேணிய நூலின் பாவைகள் ஏட்டில் உறங்குகின்றன; திறந்து எழுதிய நூலின் பாவைகள் எழுந்து நடக்கின்றன. நம் முன்னோரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. பின்னோராகிய நாம் திருந்துவதற்காகவே சொல்லுகின்றோம்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கே 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரக்கல் இறங்குதலால் இயங்கும் மணிக்கூடு தோன்றியது. பற்சில்லு செய்யக் கற்ற கைகள் பாவை செய்யவும் கற்றன. 14ஆம் நூற்றாண்டில் ஸ்திராஸ்பூர்க் தேவாலய மணிக்கூட்டில் அமைந்த சேவல் இறகடித்துக் கூவியது. அச்சேவல் இன்றும் அந்நகர அரும்பொருளகத்தில் உண்டு.

18ஆம் நூற்றாண்டிலேதான் இக்கலை உச்சத்தை அடைந்தது. பிரான்சு நாட்டு வோக்கான்சோன் என்பார் 1738ஆம் ஆண்டில் குழல் ஊதும் பாவையொன்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். உள்ளே ஓர் இசைப்பெட்டியை ஒளித்துவைத்து, குழலைச் சும்மா வாயில் பொருத்திய வேலையன்று அது. துருத்திகள் காற்றை ஊத, உதடு குவிய, நாக்கு காற்றைத் தடுத்து விட, விரல்கள் துளைகளை மூடித் திறக்க, உண்மைக் குழலே ஒலித்தது. அதன் அமைப்பை அவர் விளக்கி எழுதவும் செய்தார். அடுத்த ஆண்டு அவர் காட்டிய தாரா பெரும்புகழ் பெற்றது. அது தானியத்தைத் தின்னும், நீர் அருந்தும், பின்னர் எச்சமும் இடும். உண்ட உணவு அதன் வயிற்றிற் சீரணமாகின்றது என்று சொல்லப்பட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, உண்ட தானியம் ஓரிடத்திலே தங்க, முன்னரே ஆயத்தஞ் செய்து வைத்த வேறொன்று வெளியே தள்ளப்பட்டமை தெரியவந்தது. ஒரே மனிதர், ஒரே கை. குழல் ஊதியது மெய், சீரணம் பொய். மெய்யைச் செய்த பெரியாரிடத்தும் பொய் இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிக.

சுவிற்சர்லாந்திலே ஜாக்கே துரோ என்னும் மணிக்கூட்டுக் கலைஞர், தம் மகனோடும் லெஷோ என்பாரோடும் சேர்ந்து மூன்று பாவைகளைச் செய்து 1774ஆம் ஆண்டில் வெளியே காட்டினார். ஒன்று எழுதும், ஒன்று படம் வரையும், ஒன்று இசைக்கருவி வாசிக்கும். எழுதும் பாவை மேசைமுன் அமர்ந்த ஒரு சிறுவன். ஏறக்குறைய 6,000 உறுப்புக்கள் அவனுள் உள்ளன. வாத்தின் இறகுப் பேனையை மையில் தோய்த்து, மிகுந்த மை சிந்தாதபடி உதறி, 40 எழுத்துக்கள் வரை எழுதுவான். எழுதும்போது அவன் கண்கள் பேனையைத் தொடரும். இவ்வளவும் நிகழ்வது எவ்வாறு? அவன் முதுகைத் திறந்தால் விடை தெரியும். விளிம்பு மேடும் பள்ளமுமாக அராவப்பட்ட பித்தளைத் தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் எழுத்துக்கு மூன்று தட்டுக்கள்: இரண்டு கையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்த, மூன்றாவது பேனையை அழுத்தித் தூக்கும். எந்த எழுத்துக்குப்பின் எந்த எழுத்து என்பதை ஒரு சக்கரத்திற் பொருத்திய துண்டுகள் தீர்மானிக்கின்றன. துண்டுகளை மாற்றினால் வாக்கியமும் மாறும். பாவைகள் மூன்றும் நொய்சாத்தெல் நகர அரும்பொருளகத்தில் இன்றும் இயக்கிக் காட்டப்படுகின்றன.

சைவ சித்தாந்தம் கற்போர்க்கு இங்கே குடமும் குயவனும் நினைவுக்கு வரும். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர். எழுதும் சிறுவனிடத்தும் அவ்வாறே. பித்தளை அறியாது, அரம் அறியாது. தட்டின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் கையால் அராவிய கலைஞனே அறிந்தவன். அச்சிறுவன் எழுதும்போது, உண்மையில் எழுதுவது என்றோ மறைந்துபோன ஜாக்கே துரோவின் அறிவே. இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பிராங்கிளின் கழகத்துக்குத் தீயிற் சிதைந்த பாவையொன்று வந்துசேர்ந்தது. வேறொருவர் செய்தது என்று கருதப்பட்ட அதனைப் பழுதுபார்த்துச் சாவி கொடுத்தபோது, அது தான் எழுதிய பாடலொன்றின் ஓரத்தில், மையார்தேயின் பாவை எழுதியது என்று பிரெஞ்சு மொழியில் எழுதிற்று. செய்தவன் பெயரை உலகம் மறந்தும், அவன் அராவிய பித்தளை மறக்கவில்லை.

இனிப் பொய்ப் பொறியின் கதை. 1770ஆம் ஆண்டில் வியன்னா நகரில், மரியா தெரேசா மகாராணியின் முன்னிலையில், கெம்பெலென் என்பார் சதுரங்கம் ஆடும் துருக்கியன் ஒருவனை நிறுத்தினார். பெட்டியொன்றின் பின்னே தலைப்பாகை கட்டி அமர்ந்திருந்த அப்பாவை எதிர்த்து ஆடியோரைப் பெரும்பாலும் வென்றது. பெஞ்சமின் பிராங்கிளின் அதனோடு ஆடினார். 1809ஆம் ஆண்டில் நெப்போலியன் ஆடினான். 1820ஆம் ஆண்டில் ஆடித் தோற்றவருள் சாள்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞரும் ஒருவர். உள்ளே இருந்தவன் ஒரு மனிதன். நகரும் ஆசனத்தில் அமர்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், காய்களின் அடியிலிருந்த காந்தங்களின் குறிப்பால் ஆட்டத்தை அறிந்து, பாவையின் கையை அவன் இயக்கினான். எத்தனையோ கண்களை ஏய்த்த அது 1854ஆம் ஆண்டில் தீப்பற்றி எரிந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. துருக்கியனின் பெட்டி மூடியே வைக்கப்படவில்லை. ஆட்டம் தொடங்குமுன் கதவுகள் திறக்கப்பட்டன. உள்ளே விளக்குப் பிடித்தும் காட்டினார்கள். ஆனால் காட்டுவோன் தன் விருப்பப்படி, ஒவ்வொரு கதவாகத் திறந்தான். ஒரு கதவு திறக்கும்போது உள்ளிருந்தவன் மறுபுறம் நகர்ந்துகொண்டான். கண்டோர் எல்லாவற்றையும் கண்டோம் என்றே நம்பினர். ஆகவே, பிறர் காட்டுவதைக் காண்பது வேறு. நாமே திறந்து காண்பது வேறு. இன்னொன்றும் உண்டு. இதே கெம்பெலென் மனிதக் குரலைப் போல ஒலிக்கும் உண்மையான பேசும் பொறியொன்றையும் செய்து, 1791ஆம் ஆண்டில் அதனைப் பற்றி விரிவான நூலும் எழுதினார். உலகம் அந்த உண்மையைவிடத் தலைப்பாகை கட்டிய பொய்யையே பெரிதும் விரும்பிற்று.

பாவைகளின் கதை பாவைகளோடு முடியவில்லை. குழல் ஊதும் பாவை செய்த வோக்கான்சோன் 1741ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பட்டுத்தொழிற் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். வணிகருக்குச் சாதகமான புதிய ஒழுங்குவிதிகளைக் கண்டு 1744ஆம் ஆண்டில் லியோன் நகர நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர் மீது கல்லெறிந்தனர்; அவர் துறவி வேடம் பூண்டு நகரை விட்டு ஓடினார். மறு ஆண்டு தானியங்கும் தறியொன்றை அமைத்தார். அதனையும் துளையிட்ட அட்டைகளால் இயங்கிய வேறு தறிகளையும் அடியொற்றி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார் தம் தறியைச் செய்தார். தறியில் நாள் முழுதும் கயிறிழுத்த சிறுவரின் துன்பம் நீங்கியது உண்மை. கைத்திறனால் உண்டவரின் பிழைப்புக்குக் கேடு வந்ததும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது நீதியாகாது.

அத்துளை அட்டைகளையே பாபேஜ் தாம் திட்டமிட்ட பெரிய கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். கணினியின் முன்னோடி அது. அவர் சிறுவயதிற் கண்டு மயங்கிய வெள்ளி நடனப் பாவையொன்றைப் பின்னர் ஏலத்தில் வாங்கி வீட்டில் வைத்திருந்தார். ஓர் அறையில் ஆடும் பாவை. மற்றோர் அறையில் தாம் செய்த கணக்குப் பொறியின் பகுதி. விருந்தினர் கூட்டம் பாவையைச் சூழ, கணக்குப் பொறியை ஆராய்ந்து நின்றவர் பிற நாட்டினர் ஓரிருவரே என்று அவர் தம் நூலில் வருந்தி எழுதினார். உலகை மாற்றியது எந்த அறையிலிருந்த பொறி என்பதை இன்று நாம் அறிவோம்.

றோபோ என்னும் சொல் 1920ஆம் ஆண்டில் செக் நாட்டு ஆசிரியர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்திற் பிறந்தது. அம்மொழியில் அதன் வேர்ச்சொல் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். நம் நாட்டில் 1832ஆம் ஆண்டு வரை வழங்கிய இராசகாரியம் போன்றது. பொறி நமக்கு ஊழியஞ் செய்யுமா, நாம் பொறிக்கு ஊழியஞ் செய்வோமா என்னும் கேள்வி அப்பெயரிலேயே இருக்கின்றது.

1997ஆம் ஆண்டில் கணினியொன்று சதுரங்க வீரர் கஸ்பறோவை வென்றது. இம்முறை பெட்டிக்குள் ஆள் இல்லை. ஆயினும் துருக்கியன் முற்றாக மறையவும் இல்லை. கணினியாற் செய்யவியலாத சிறு வேலைகளை எங்கோ இருக்கும் மனிதரைக்கொண்டு செய்விக்கும் சேவையொன்றை 2005ஆம் ஆண்டில் அமசன் நிறுவனம் தொடங்கியபோது, அந்தத் துருக்கியனின் பெயரையே அதற்கு இட்டது. இன்று எழுதியும் பேசியும் நம்மை வியக்கவைக்கும் கணினியும் எண்ணற்ற மனிதர் எழுதியவற்றிலிருந்து கற்றதே. அதனைத் திருத்திப் பழக்கிய மனிதரும் பலர். அவர்களை நாம் காண்பதில்லை.

ஆதலின் இளைஞர்களே, புதிய பொறியைக் கண்டு கைகூப்பவும் வேண்டாம், அஞ்சி ஓடவும் வேண்டாம். அதன் முதுகைத் திறந்து பாருங்கள். இதனுள் இருப்பது யாருடைய அறிவு, யாருடைய உழைப்பு, இதனாற் பயனடைபவர் யார், பிழைப்பு இழப்பவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் கற்றதைப் பிறர்க்கு மறைக்காது எழுதி வையுங்கள். வீட்டில் நின்றுபோன பழைய மணிக்கூடு ஒன்று இருந்தால், பெரியோரிடம் உத்தரவு பெற்றுத் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். மீண்டும் பூட்டத் தெரியாது போனாலும் குற்றமில்லை. உள்ளே இருப்பது மாயமன்று, மனிதன் அராவிய பற்சில்லு என்று கண்ணாரக் கண்ட பிள்ளையை எந்தத் துருக்கியனும் எளிதில் ஏமாற்ற முடியாது.