எண்ணெய்த் தொட்டியும் வெயிலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்கும் மாணவனாகிய நான் கற்றோர் முன் பேசத் துணிந்தமைக்குக் காரணம், நம் ஊரைத் தொடும் ஒரு கேள்வியாகும். எண்ணெயையும் நிலக்கரியையும் கைவிட்டால், நம் வீட்டு விளக்கை எதனைக் கொண்டு ஏற்றுவோம்?

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். மின்சாரத்தின் அருமையை நாம் 2022 ஆம் ஆண்டில் இருளிலே அறிந்தோம். எரிபொருள் வாங்க நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. மண்ணெய் கிடைக்காமல் மீனவரின் வள்ளங்கள் கரையிலே கிடந்தன.

இதில் ஒரு விந்தை உண்டு. பிரித்தானியர் தம் கடற்படைக்கெனச் சீனக்குடாவிலே கட்டிய எண்ணெய்த் தொட்டிகளுள் ஒன்று, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்து அழிந்தது. 99 தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். அவற்றை அருகில் வைத்துக்கொண்டே நாம் விளக்கின்றி இருந்தோம். தொட்டி நம் மண்ணில் இருந்தென்ன? எண்ணெய் நம் மண்ணில் இல்லையே!

கொட்டியாரக் குடாவின் தென்பக்கத்தே உள்ளது சம்பூர். 2006 இல் போரினால் அம்மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவர்கள் திரும்புமுன்பே அங்கு 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. நிலம் போகும், சாம்பலும் சுடுநீரும் குடாவைக் கெடுக்கும் என்று மக்கள் எதிர்த்தனர். 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 ஆம் நாள், அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானப் பணி தொடக்கி வைக்கப்பட்டது.

மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. சூரியன் பகலில் தருவான். நாம் மிகுதியாக மின்சாரம் கேட்பதோ விளக்கு வைத்த பின்னர். இன்னொரு குறையும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மின்சாரத் தேவை குறைவு. சூரிய மின்சாரமோ மிகுதி. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு தடங்கல் நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்திவிட்டது. பெரும் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் தம் சுழற்சி வேகத்தால் திடீர் அதிர்ச்சியைச் சிறிது நேரம் தாங்கும். கூரைமேல் கிடக்கும் தகட்டுக்கு அந்த வலு இல்லை.

ஆகவே வெயிலைப் பிடித்தால் மட்டும் போதாது, சேமிக்கவும் வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றனர் முன்னோர். பகலில் வெயிலால் வேலை நடந்தால், மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் நீரை மாலைக்கென மிச்சம் பிடிக்கலாம். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ்க்குளத்து நீரை மேற்குளத்துக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் பெறலாம். பெரும் பற்றரிகளில் சேர்க்கலாம்; அவை திடீர் அதிர்ச்சிக்கும் கைகொடுக்கும். 2020 இல் இயங்கத் தொடங்கிய மன்னார்க் காற்றாலைகள், காற்று வீசும் இரவிலும் சுழல்வன. எண்ணெய்க்குத் தொட்டி கட்டினான் வெள்ளைக்காரன். வெயிலுக்குத் தொட்டி கட்டுவது நம் தலைமுறையின் கடமை.

மற்றொன்றும் சொல்வேன். புகை இல்லாத மின்சாரமும் அநீதி இல்லாத மின்சாரமும் ஒன்றல்ல. நிலம் இழந்தவன் குடிசை இருண்டிருக்க, தொலைவிலுள்ள நகரம் ஒளிர்வது அறமாகாது. சம்பூர்த் தகடுகள் சம்பூர் மக்களுக்கு முதலில் ஒளி தரட்டும்.

இளைஞர்களே, நாம் இங்கிருந்தே தொடங்குவோம். நம் மன்றக் கூரையில் சில தகடுகளைப் பதித்து, ஒரு பற்றரியையும் இணைப்போம். அதற்காகும் செலவையும் அதனால் வரும் மிச்சத்தையும் நாமே கணக்கெழுதி, அடுத்த ஆண்டு விழாவில் பெரியோர் முன் வைப்போம். நம் மாலை வகுப்பு நம் ஊர் வெயிலிலேயே நடக்கட்டும்.