விடியுமுன் ஏற்றிய விளக்கு

(புனித தேவசகாயம் திருவிழாவையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)

 

எங்கள் ஊரான சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவும் தேரோட்டமும் முடிந்து, ரத வீதிகளில் தொங்கிய வண்ண விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். இனி பொங்கல். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நேரம். ஆனால் வழி பிறக்காத வீடுகளும் இருக்கின்றன. தை வந்தாலும் ஆண்டு மாறினாலும் அந்த வீடுகளுக்குள் இருக்கிற இருட்டு மாறுவதில்லை. அப்படி ஒரு வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அன்று எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்தில் இருக்கிற யாரும் அந்த நாளை மறந்திருக்க முடியாது. ஒக்கி புயல் அடித்த நாள். வாழையும் ரப்பரும் அழிந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுத்து வந்த ஞாயிறு, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அப்போது நான் வேறொரு பங்கில் இருந்தேன். கோயிலில் ஒலிபெருக்கி இல்லை, விளக்கு இல்லை. திருவருகைக் கால வளையத்தில் முதல் மெழுகுதிரியை ஏற்றினோம். அந்த முதல் திரி எதிர்நோக்கைக் குறிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற ஆண்டுகளில் பீடத்தின் அருகே அது ஓர் அலங்காரமாக இருந்துவிட்டுப் போகும். அந்த ஆண்டு, மழை இருட்டிய அதிகாலைப் பூசையில், அதன் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்துத்தான் நற்செய்தி வாசித்தேன்.

அதே நேரத்தில் நம் கடற்கரை ஊர்களில் பெண்கள் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போனவர்களில் சிலர் லட்சத்தீவில் கரையேறினார்கள், சிலர் மகாராட்டிரத்தில் கரையேறினார்கள் என்று செய்திகள் வந்தன. பலர் வரவே இல்லை. அவர்களில் பலருடைய உடலும் கிடைக்கவில்லை.

ஓராண்டு கழித்து, ஒரு கடற்கரைப் பங்கில் நினைவுத் திருப்பலிக்கு என்னை அழைத்திருந்தார்கள். பூசை முடிந்து ஒரு தாயின் வீட்டுக்குப் போனோம். அவருடைய இளைய மகன் அந்தப் புயலில் போனவன். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். ஆனால் அந்த வீட்டு வாசலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. புயலுக்குப் பிறகு கரண்டு வந்த அன்று போட்டாராம். அதன்பின் அணைக்கவே இல்லையாம். பல்பு போய்விட்டால் அன்றே வேறு வாங்கி மாட்டுவாராம்.

அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "சாமி, ஆண்டுப் பூசையும் வச்சாச்சு. இனி லைட்ட அணைக்கச் சொல்லுறாங்க. அணைச்சா எம் பிள்ளைய நானே கொன்ன மாதிரி இருக்கு. அணைக்காம இருந்தா கிறுக்குன்னு சொல்லுறாங்க. நான் என்ன செய்யட்டும் சாமி?"

நான் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்தவன். எதிர்நோக்கு என்னும் இறைப்பண்பைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "நம்பிக்கையோட இருங்கம்மா, ஆண்டவர் பாத்துக்குவார்." தலையில் கைவைத்துச் செபித்துவிட்டுக் கிளம்பினேன். நம்பிக்கையோடு இருங்கள் என்று சொன்னேனே, எதை நம்பச் சொன்னேன்? மகன் வருவான் என்றா? வரமாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னேனா? எனக்கே தெரியவில்லை. வண்டியில் திரும்பும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்தவர் நம் மண்ணின் புனிதர், ஜனவரி 14 அன்று நாம் விழா எடுக்கும் தேவசகாயம். அவருடைய வரலாற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருந்தாலும் அந்தத் தாயின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டபோது, அது எனக்கு வேறு மாதிரி பேசியது.

1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தார். நல்ல பதவி, நல்ல குடும்பம். அப்படிப்பட்டவரின் வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. மனம் உடைந்து போனார். அவருக்கு ஒளி யாரிடமிருந்து வந்தது தெரியுமா? போரில் தோற்று, கைதியாகப் பிடிபட்ட ஒருவரிடமிருந்து.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அந்தப் படையின் அதிகாரி டிலனாய் மன்னரிடம் சரணடைந்தார். சொந்த நாடு இல்லை, சொந்தப் படை இல்லை, தோல்வி என்ற பெயர் மட்டும் மிச்சம். பிறகு மன்னர் அவரையே தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். இன்றும் தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. உதயகிரி என்றால் சூரியன் உதிக்கும் மலை. இந்த டிலனாய்தான் மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு விவிலியத்தில் உள்ள யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

யோபு நூலைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். மக்களையும் மாடுகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபு, ஏன் எனக்கு இப்படி என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருடைய நண்பர்கள் வந்து ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கங்களைக் கடவுள் ஏற்கவில்லை. யோபுவின் 'ஏன்' என்ற கேள்விக்குக் கடவுள் நேராகப் பதில் சொல்லவும் இல்லை. அவர் யோபுவிடம் வருகிறார், பேசுகிறார். யோபுவுக்குக் கடைசியில் கிடைத்தது விளக்கம் அல்ல, கடவுள். நீலகண்டனைத் தொட்டது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். கொடுத்தவர் இயேசு சபைக் குரு புத்தாரி. நம் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தார்கள். நீலகண்டன் தேவசகாயம் ஆனார். இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது. கல்லறையிலிருந்து இயேசு கூப்பிட்டு எழுப்பினாரே, அந்த இலாசரின் பெயர்.

இனி வெளிச்சம்தான் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1749-இல் அவரைக் கைது செய்தார்கள். மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். கைகளைக் கட்டி எருமை மாட்டின்மேல் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று நம் மரபு சொல்கிறது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் ஒன்றாக உண்டு பழகியவர் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். கடைசியில் 1752 ஜனவரி 14 இரவில், ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. இன்று அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுழன்று ஊருக்கெல்லாம் மின்சாரம் தருகின்றன. அன்று அந்த மலையில் அவருக்காக ஒரு விளக்கும் இல்லை. சிறைக்கதவு திறக்கவில்லை. அரசாணை மாறவில்லை. இலாசரின் பெயரைத் தாங்கியவரை அன்று கல்லறையிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை.

அப்படியானால் அவருடைய எதிர்நோக்கு வீணாயிற்றா?

சகோதர சகோதரிகளே, எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு. மழை வரும், வேலை கிடைக்கும், காய்ச்சல் இறங்கும் என்று நினைப்பது எதிர்பார்ப்பு. அது நல்லதுதான், அதற்காக நாம் செபிக்கவும் வேண்டும். ஆனால் அது நடக்காமலும் போகலாம். எதிர்நோக்கு நடந்து முடிந்த ஒன்றின்மேல் நிற்கிறது. யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மகதலா மரியா கல்லறைக்கு வரும்போது இன்னும் இருட்டாகவே இருக்கிறது. அவர் அழுதுகொண்டு வருகிறார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த இருட்டிலேயே கல் புரட்டப்பட்டிருக்கிறது. ஆண்டவர் உயிர்த்துவிட்டார். பொழுது விடிந்த பிறகு அல்ல, விடிவதற்கு முன்பே.

நம் திருச்சபையின் எதிர்நோக்கு இதுதான். இருட்டு சீக்கிரம் போய்விடும் என்று கிறிஸ்து நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இருட்டுக்குள் அவரே வந்தார், சாவுக்குள்ளும் போனார், அங்கேயே வென்றார். அதனால்தான் பாஸ்கா திருவிழிப்பை நாம் இரவில் கொண்டாடுகிறோம். கோயில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, வாசலில் புதுத்தீ மூட்டி, ஒரே ஒரு பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டுவருகிறோம். அந்தத் திரியிலிருந்து ஒருவர் ஏற்றிக்கொள்கிறார், அவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவர் ஏற்றிக்கொள்கிறார். எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் முதல் திரியின் வெளிச்சம் குறைவதில்லை. தோற்றுப்போன டிலனாய் தம்மிடம் இருந்ததை உடைந்துபோன நீலகண்டனுக்குக் கொடுத்தார். சிறையில் கிடந்த தேவசகாயம் அதை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய எலும்புகள் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கின்றன. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று உலகுக்கு அறிவித்தார். அப்போது அவர் பெயரோடு சாதிப் பெயர் இல்லை. தேவசகாயம் என்ற பெயர் மட்டும்தான். காற்றாடி மலையில் துப்பாக்கி பிடித்தவர்களால் அணைக்க முடியாதது எது என்று அன்று தெரிந்தது.

அந்தக் கடற்கரைத் தாயிடம் மறுபடியும் போனேன். போன உடனே முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு உங்களுக்கு நான் சரியா பதில் சொல்லல அம்மா" என்றேன். இந்த முறை பகல் நேரத்தில் அந்த பல்பு எரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"காலையில அணைச்சிடுவேன் சாமி. ராத்திரி போடுவேன். வெளுப்பதுக்கு முன்னாடி கடலுக்குப் போற பிள்ளைகளுக்கு இந்த முடுக்குல வெளிச்சம் வேணும்லா. எம் மகன் இனி இந்த வாசலுக்கு வரமாட்டான். நான்தான் அவங்கிட்ட போகணும். ஆண்டவர்கிட்ட இருக்கான்."

சொல்லும்போது அவர் கண்கள் கலங்கத்தான் செய்தன. தாவீது அரசர் தம் குழந்தையை இழந்தபோது இதையேதான் சொன்னார்: அவன் என்னிடம் திரும்பி வரப்போவதில்லை, நான்தான் அவனிடம் போவேன் என்று. நான் புத்தகத்தில் படித்ததை அந்தத் தாய் வாழ்ந்து கண்டுபிடித்திருந்தார். அவர் விளக்கை அணைத்துவிடவும் இல்லை. வராதவனுக்காக வீணாக எரியவிடவும் இல்லை. தம் மகனுக்காக ஏற்றியதை மற்றத் தாய்மாரின் மகன்களுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய துக்கம் தீரவில்லை. ஆனால் அந்தத் துக்கத்தால் இன்று ஒரு தெருவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

அன்புக்குரியவர்களே, இந்தப் பொங்கல் நாள்களில் உங்கள் தெருவிலும் விளக்கு எரியாத ஒரு வீடு இருக்கும். சாவு விழுந்த வீடு, நோயாளி படுத்திருக்கிற வீடு, கடன் கழுத்தை நெரிக்கிற வீடு. அங்கே ஒரு முறை போய் வாருங்கள். போனதும் என்னைப்போல் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். கொஞ்சம் பொங்கலைக் கையில் கொண்டுபோங்கள், உட்காருங்கள், கேளுங்கள். உங்கள் வீடே அந்த இருட்டு வீடாக இருந்தால், ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விடியவில்லை என்பதால் ஆண்டவர் வரவில்லை என்று ஆகிவிடாது.

செபிப்போம். எங்கள் இரவுகளில் எங்களோடு இருக்கிற ஆண்டவரே, கடல் கொண்டுபோனவர்களை உம் ஒளியில் ஏற்றுக்கொள்ளும். அவர்களுக்காகக் காத்திருந்தவர்களைத் தாங்கிக்கொள்ளும். புனித தேவசகாயத்தின் வேண்டுதலால், எங்களுக்கு நீர் கொடுத்த சிறிய வெளிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.