"வா" என்பதும் "வாருங்கள்" என்பதும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் விடுதிச் சோற்றில் வளர்ந்து ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள் இருவரும். திருச்சபையின் வழியாக 2015 முதல் நான்கு ஆண்டுகள் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், ஒரு கிறித்தவப் பள்ளியில் சிறு பிள்ளைகளுடன் இருந்தோம். அந்த வாழ்வைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள்.

நாங்கள் இருந்தது நாட்டின் வடபகுதி. பெம்பா மொழி வழங்கும் நிலம். 2014-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி முதல் நான்கு வகுப்புகள் வட்டார மொழியிலேயே நடந்தன. ஆகவே எழுத்தறிவிக்கச் சென்ற நாங்களே ஏழு வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து மொழி கற்றோம். எழுத்தும் வாசிப்பும் அந்நாட்டு ஆசிரியையின் பொறுப்பு. கணக்கும் படமும் எங்கள் பங்கு.

காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் முற்றத்தைக் கூட்டுவர். பின்னர் ஜெபம், பாட்டு. வகுப்பில் அறுபது பேருக்குக் குறைவதில்லை. சோடா மூடிகளை வைத்து எண்ணக் கற்பித்தோம். ஐந்து 'ஃபிசானோ', பத்து 'இக்குமி'. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். தகரக் கூரையின் மீது மழை இறங்கினால் ஆசிரியரின் வாயசைவு தெரியுமேயன்றிக் குரல் கேளாது. புது மக்காச்சோளம் விளையுமுன், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், சில பிள்ளைகள் பத்து மணிக்கே பலகையில் தலை சாய்த்துவிடுவர். அதைச் சோம்பல் என்று நாங்கள் எண்ணவில்லை. அது எங்களுக்குப் பழகிய தூக்கம்.

நண்பகலில் சமையற்கார அம்மையார் 'உப்வாலி' கிண்டுவார். நம் களி போன்றது, மக்காச்சோள மாவில் செய்வது. தலைமையாசிரியரும் நாங்களும் வாயிற்காவலரும் ஒரே பாத்திரத்து நீரில் கைகழுவி, ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்டோம். முதல் நாள் எங்கள் கை சற்றுத் தயங்கிற்று. தனிக்குவளை பார்த்து வளர்ந்த கை அல்லவா?

அந்நாடும் அவமதிப்பை அறியாததன்று. 1950-களில் வெள்ளையர் ஆட்சியில், இறைச்சி வாங்க வந்த ஆப்பிரிக்கர் கடைக்குள் நுழைய இயலாது. சுவரிலுள்ள துளை வழியே கொடுப்பதை வாங்கிச் செல்லவேண்டும். மக்கள் அக்கடைகளைப் புறக்கணித்தனர். மிஷன் பள்ளியில் ஆசிரியராயிருந்து, 1964-இல் முதல் குடியரசுத் தலைவரான கென்னத் கவுண்டா அந்நாளில் இறைச்சியையே துறந்தார்.

இனி, நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம். பெம்பாவில் சிறுவரை அழைக்க 'ஈசா' என்பர். பெரியவரை அழைக்க 'ஈசேனி'. நம் 'வா', 'வாருங்கள்' போல. வயது வந்தவர் எவராயினும், கூலிக்காரராயினும், மரியாதைச் சொல் உண்டு. ம்வான்சா என்னும் பிள்ளையின் தாயை 'பானா ம்வான்சா' என்றும், தந்தையை 'பாஷி ம்வான்சா' என்றும் அழைப்பர்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், வகுப்பு வாயிலில் நின்று சமையற்கார அம்மையாரை 'ஈசா' என்று அழைத்துவிட்டோம். பிள்ளைகள் அடங்கிப் போயினர். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, தன் சிலேட்டுப் பிழையைத் திருத்துவது போல, "ஈசேனி" என்றாள், மெல்ல. அம்மையார் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எங்களுக்கு உணவு இறங்கவில்லை. எழுபது வயதான எங்கள் பாட்டனாரை ஊர்த்தெருவின் பத்து வயதுப் பிள்ளைகள் "வாடா" என்று அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மொழி அறியாப் பிழைதானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தோம். ஆயின் தலைமையாசிரியரை அவ்வாறு அழைத்தோமா? இல்லை. அவருக்குரிய சொல்லை முதல் வாரத்திலேயே கற்றிருந்தோம்!

மறுநாள் விடியலில் சமையற்கட்டுக்குச் சென்று மன்னிப்பு வேண்டினோம். அம்மையார் நெடுநேரம் சிரித்தார். பின்னர்க் களித் துடுப்பை எங்கள் கையில் கொடுத்துக் கிண்டச் சொன்னார். அது எளிய வேலையன்று. தோள் இரண்டு நாள் வலித்தது.

ஊர் திரும்பிய பின் நம் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். முதல் நாள், வாயிலில் நின்ற சிறுவனிடம், "வாருங்கள் தம்பி, உட்காருங்கள்" என்றோம். அவன் திரும்பி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான்.