பாட்டுக்கு வெளியே

சினிமா இசையில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், யாரும் ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். நான் பின்னணி இசையைச் சொல்வேன். அது பெரும்பாலும் இசைத்தட்டில் வராது, மேடைக் கச்சேரியிலும் அபூர்வமாகத்தான் வாசிப்பார்கள். ஆனால் இசையமைப்பாளருக்குக் கதை புரிந்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இந்த ருசியை எனக்கு ஊட்டியது வானொலிதான். ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப் படத்தைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். முகம் தெரியாது, இடம் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்பதை வயலின்தான் சொல்லியாக வேண்டும். சில படங்களில் வயலின் அவசரப்பட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும். சிலவற்றில் காத்திருக்கும். காத்திருக்கத் தெரிந்த இசைமேல் எனக்கு அன்றைக்குப் பிடித்த பிரியம் இன்னும் விடவில்லை.

அதனால்தான் 1954இல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ எனக்கு அவ்வளவு இஷ்டம். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இயக்கியவரோ வீணை வித்வான் எஸ். பாலசந்தர்! துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கும் கதை. செத்துக் கிடக்கும் ரேடியோ இன்ஜினியராக சிவாஜி கணேசன். அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடுவே ஒரு டூயட் வந்திருந்தால் நம் மனத்தில் ஏறிய சந்தேகம் அங்கேயே ஆறிப்போயிருக்கும். வாழ்நாளெல்லாம் நாதத்தோடு கிடந்தவர் பாட்டே வேண்டாம் என்றாரே, அந்தத் துணிச்சல் சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் வரும்.

ரீரெக்கார்டிங் பற்றி, அதாவது எடுத்து முடித்த படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பது பற்றி, ஒரு வார்த்தை. ஃபிலிம் காலத்தில் படத்தை ரீல் ரீலாகப் போட்டுக் காட்டுவார்கள். ஒரு ரீல் ஏறக்குறையப் பத்து நிமிடம். இளையராஜா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து நோட்ஸ் எழுதுவார். வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். காட்சியின் நீளத்தை இனி யாரும் மாற்ற முடியாது, இசைதான் அதற்குள் அடங்க வேண்டும். ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ இரண்டையும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ‘நாயகன்’ படத்தில் ஒரே மெட்டு கதாநாயகன் வேலு நாயக்கரின் வாழ்க்கை நெடுக வரும். வயது ஏற ஏற அதில் துக்கமும் ஏறிக்கொண்டே போகும்.

மலையாளத்தில் 1987இல் வந்த பத்மராஜனின் ‘தூவானத்தும்பிகள்’ இன்னொன்று. பாட்டுகளுக்கு இசை பெரும்பாவூர் ஜி. ரவீந்திரநாத், பின்னணி இசை ஜான்சன். மழையோடு வரும் நாயகி கிளாராவை இன்றும் ஜனங்கள் நினைத்துக்கொள்வது ஜான்சனின் அந்தச் சின்ன இசைத்துணுக்கால்தான் என்பது என் கட்சி.

எல்லாவற்றிலும் மேலாக நான் வைப்பது பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வந்தது. இதிலும் பாட்டு இல்லை. இசையோ படத்துக்கென்று எழுதியதே அல்ல! இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னால் நிற்கும். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போவார். பூசாத சுவர், குறையாக நிற்கும் கட்டடம், தடவித் தடவிப் பார்க்கும் கிழக் கை. அழு என்று நம்மை யாரும் தூண்டுவதில்லை. ரீரெக்கார்டிங்கின் பெருமையை இவ்வளவு பேசிவிட்டு, காட்சியைப் பார்த்து எழுதாத இசைக்கு முதலிடம் தருகிறேனே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கேட்டது இயக்குநரின் காது. எந்த இசை எங்கே சேரும், எங்கே அது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அந்தக் காதுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வரும் படங்கள் பலவற்றில் இரண்டு பேர் காபி குடித்தால்கூடப் பின்னால் முரசு அதிர்கிறது. நடிகர் மூச்சு விடும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! பாட்டுகளை ஒலிபரப்ப நாள் முழுக்க நேரம் இருக்கிறது. பின்னணி இசைக்கென்று வானொலியில் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், முதல் வாரத்துக்கு ஜான்சனைப் போடச் சொல்லி நானே கடிதம் எழுதுவேன்.