ஆதியாகமம் காட்டும் அயலூரார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யூதர், கிறித்தவர் ஆகிய இருசாரார்க்கும் பொதுவான ஆதியாகமத்தைப் பற்றி இவ்விழாவிலே பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகப் பேரேடு எழுதிவருபவன் நான். இத்தகைய பெரும் பொருளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டோ என்று முதலில் அஞ்சினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். எது எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று குறித்து வைப்பதே பார்சல் எழுத்தனின் தொழில். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களிலும் பெரும்பகுதி அந்தக் கணக்கையே கூறுகின்றது. ஆகவே துணிந்து வந்துள்ளேன். நான் சமயப் பிரசாரம் செய்ய வரவில்லை. ஒரு பழைய நூலைப் படித்தவன் தான் கண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்நூலின் தொடக்கத்தில் படைப்பைப் பற்றி இரு வரலாறுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதில், இறைவன் தன் வாக்கினாலேயே ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்கின்றான். ஒளி முதல் நாளிலேயே தோன்றிவிடுகின்றது. கதிரவனும் திங்களும் நான்காம் நாளில்தான் வருகின்றன. அவற்றின் பெயர்களைக்கூட அந்நூல் கூறாமல், பெரிய சுடர், சிறிய சுடர் என்றே குறிக்கின்றது. இதன் நயத்தை அறிய, யூதர் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு செல்லப்பட்டதை நினைவிற் கொள்ள வேண்டும். அந்நாட்டார் ஞாயிற்றையும் திங்களையும் பெருந்தெய்வங்களாக வணங்கியவர்கள். இவ்வதிகாரம் அச்சிறை வாழ்வின் காலத்திலோ அதனையடுத்தோ உருப்பெற்றது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஆண்டவர் நாட்டுத் தெய்வங்களை, அடிமைப்பட்டவர்கள் வெறும் விளக்குகள் என்று எழுதி வைத்தார்கள். நாடிழந்தவர்க்கு எழுத்து எத்தகைய வலிமை தருகின்றது என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாம் வரலாறு வேறு வகையானது. அதில் இறைவன் குயவனைப்போல் மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கி, அவன் நாசியில் உயிர் மூச்சை ஊதுகின்றான். எபிரேய மொழியில் மண்ணுக்கு 'ஆதாமா' என்று பெயர்; அம்மண்ணிலிருந்து வந்தவன் ஆதாம். ஆனால் அம்மண்ணிலே அவன் நெடுங்காலம் நிலைக்கவில்லை. விலக்கிய கனியை உண்டமையால் ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகின்றனர். இங்கே பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. வெளியே அனுப்புமுன் இறைவனே அவ்விருவர்க்கும் தோலுடை செய்து உடுத்தி அனுப்புகின்றான். கோபித்துக்கொண்டு பிள்ளையை வழியனுப்பும் பெற்றோரும், வழிக்கு வேண்டிய துணியை மடித்துக் கொடுக்க மறப்பதில்லை அல்லவா?

அடுத்துக் காயீனும் ஆபேலும் வருகின்றனர். மூத்தவன் உழவன், இளையவன் ஆட்டிடையன். காயீன் பொறாமையினால் தம்பியைக் கொன்று, 'நோத்' என்னும் நாட்டில் குடியேறுகின்றான். அப்பெயருக்கே 'அலைதல்' என்பது பொருள். கொலைகாரனாகிய அவனையும் எவரும் கொன்றுவிடாதபடி இறைவன் ஓர் அடையாளமிட்டுக் காக்கின்றான். தண்டனையும் பாதுகாப்பும் ஒருங்கே நிற்பது இந்நூலின் இயல்பு.

நோவாவின் வெள்ளக் கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 300 முழ நீளமும், 50 முழ அகலமும், 30 முழ உயரமும் உள்ள பேழை, ஒலிவ இலையைக் கொத்திவந்த புறா, முடிவில் வானவில். இக்கதை யூதர்க்கு மட்டும் உரியதன்று என்பதை உலகிற்கு அறிவித்தவர் ஜார்ஜ் சுமித்து என்னும் ஆங்கிலேயர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சிடுவதற்கான தகடுகளைச் செதுக்கும் தொழிலைப் பயின்றவர் அவர். நண்பகல் உணவு வேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குச் சென்று, நினிவே நகரிலிருந்து வந்த களிமண் ஏடுகளைத் தாமே படிக்கக் கற்றார். அவ்வேடுகளில் ஒன்றில் பெருவெள்ளத்தையும், கப்பலையும், நீர் வடிந்ததா என்றறிய அனுப்பப்பட்ட பறவைகளையும் கண்டார். 1872 டிசம்பர் 3ஆம் நாள் இலண்டனில் ஓர் அவையின் முன் அதைப் படித்துக் காட்டினார். கில்காமேசு காவியத்தின் பதினோராம் ஏடு அது. பட்டம் பெறாத ஒருவர் உணவு வேளையில் கற்றதைக் கொண்டு உலகத்தின் எண்ணத்தையே மாற்றினார் என்று படித்த நாளில், என் மேசைமேலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

பாபேல் கோபுரக் கதை, மொழிகள் பிரிந்ததைத் தண்டனையாகக் கூறுவதாகவே பலரும் கொள்கின்றனர். ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்திலேயே, நோவாவின் மரபினர் தத்தம் நாட்டில் தத்தம் மொழி பேசி வாழ்ந்ததாக ஒரு நீண்ட பட்டியல் உள்ளது. அங்கே பழிச்சொல் ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரே மொழி, ஒரே நகர், ஒரே பெயர் என்று எல்லாரையும் ஓரிடத்தில் அடக்க முயன்ற செருக்கே அங்கே சிதறியது என்று எனக்குத் தோன்றுகின்றது. ஒரே நாளில் ஐந்து மொழி பேசுவோர் வந்து நிற்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவன் வேறு எவ்வாறு எண்ணக்கூடும்?

இனி ஆபிரகாமுக்கு வருவோம். அவர் குடும்பம் புறப்பட்ட நகரின் பெயர் 'ஊர்' என்பது! இது வெறும் ஒலியொற்றுமையே. தமிழோடு தொடர்பு ஒன்றும் கிடையாது. எனினும் 'ஊரை விட்டுப் புறப்பட்டார்' என்று படிக்கும்போது நம்மவர்க்கு நெஞ்சம் ஒருகணம் நின்றுதான் செல்லும். தந்தை தேராகு கானானை நாடிப் புறப்பட்டு, நடுவழியில் ஆரானிலே தங்கி, அங்கேயே இறந்தார். ஆபிரகாம் தமது 75ஆம் வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டார். அந்நாடு முழுவதும் அவர் மரபினர்க்கு என்று வாக்களிக்கப்பட்டது. ஆனால் மனைவி சாராள் 127ஆம் வயதில் எபிரோனில் மறைந்தபோது, அவரை அடக்கம் செய்ய ஆறடி நிலமும் அவருக்குச் சொந்தமில்லை.

அந்த இருபத்து மூன்றாம் அதிகாரத்தை ஓர் எழுத்தனின் கண்ணோடு படியுங்கள். அது முழுவதும் ஒரு கிரயப் பத்திரம். தாம் அயலான், வந்து தங்கியவன் என்று ஆபிரகாம் அவ்வூரார் முன் எழுந்து கூறுகின்றார். உரிமையாளனாகிய எப்பெரோன் நிலத்தை இலவசமாகவே தருவதாக உபசாரம் பேசுகின்றான். ஆபிரகாம் அதற்கு இசையாமல், 400 சேக்கல் வெள்ளியை வணிகர் வழக்கப்படி நிறுத்துக் கொடுக்கின்றார். வயல், குகை, எல்லைக்குட்பட்ட மரங்கள், நகர வாயிலில் கூடியிருந்த சாட்சிகள் என அனைத்தும் முறையாகக் குறிக்கப்படுகின்றன. மக்பேலா என்னும் அக்குகையின்மேல் எழுந்த கட்டடத்தை யூதரும் கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் புனிதமாகப் போற்றுகின்றனர்.

அன்பர்களே, இவ்வதிகாரத்தை நான் ஏன் இத்தனை முறை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லைச் சீமையிலிருந்து என்னோடு வந்து தங்கியிருந்த என் தாயார் மூன்றாண்டுகளுக்கு முன் இந்நகரிலே காலமானார்கள். தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கும் இடம் வேண்டும் என்று சொல்லிவந்தவர்கள். ஊரோ ஒன்றரை நாள் பயணத் தொலைவு. கையிலே பணமும் இல்லை. பிறர் வீட்டுச் சவப்பெட்டிகளைப் பிரேக் வண்டியில் ஏற்றுவதற்குச் சீட்டு எழுதிய கை இது. என் தாய்க்கு ஒரு சீட்டு எழுத அதனால் இயலவில்லை. இங்கேயே அடக்கம் செய்தேன். உறவினர் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. கல்லறை நிலத்துக்குக் கட்டிய பணத்தின் ரசீதை வேதப் புத்தகத்தில் அந்த அதிகாரத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஆதியாகமம் என்னைத் தேற்றியதா என்று கேட்டால், ஒரு செய்தியை மட்டும் கூறுவேன். எகிப்தில் இறந்த யாக்கோபின் உடலை மக்கள் மக்பேலாவுக்கே எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர். ஆனால் அதே யாக்கோபு, தம் அன்பு மனைவி ராகேல் பிரசவத்தில் இறந்தபோது, வழியோரத்திலேயே அடக்கம் செய்து ஒரு தூணை நாட்டிவிட்டு மேலே நடந்தார். நெடுங்காலம் கழித்து, மரணப் படுக்கையில் கிடக்கையிலே, கேளாமலே அதைத் தம் மகன் யோசேப்பிடம் எடுத்துச் சொல்கின்றார். அந்நூல் அவரைப் பழிக்கவுமில்லை. அவர் மறந்துவிட்டார் என்று கூறவுமில்லை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். ஆதியாகமத்தில் இன்னார் இத்தனை ஆண்டு வாழ்ந்தார், இறந்தார் என்று வரும் வமிச அட்டவணைகளை முன்பெல்லாம் சலிப்போடு தள்ளிவிடுவேன். இப்போது அவ்வாறு செய்வதில்லை. ஊர் ஊராய் அலைந்தவர்கள் தம் முன்னோரை ஏட்டில் சுமந்து சென்றார்கள். நம் சங்கமும் ஒரு பேரேடு தொடங்க வேண்டுகிறேன். இந்நகரிலே எரிக்கப்பட்டாலும் புதைக்கப்பட்டாலும், எச்சமயத்தவராயினும், இங்கே மறைந்த தமிழர் ஒவ்வொருவருடைய பெயரும், சொந்த ஊரும், மறைந்த நாளும் அதில் ஏறட்டும். எழுதும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என் மேலதிகாரிகளே சொல்வதுண்டு.